அண்ணைக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைன்

இருபத்தாறு வருடங்களாக டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறவனை இன்னொருவர் ஓட்டும் வண்டியில் ஏற்றிவிடுவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்ற சிறிய வான் வண்டியில் ஏறியதிலிருந்து என் வலது கால் தன்பாட்டில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் என் வயதை ஒத்த ஒரு ஜேர்மன்காரர். முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவராம். இப்போது இரண்டு மூன்று பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் பயணம் கூட்டிப்போகிறார். ஆள் தங்கமானவர்தான். ஆனால் ஒரு மலையைக் கண்டால் அதைப் பற்றிச் சொல்வதற்காகப் பின்னால் திரும்பிவிடுவார். அந்த நேரங்களில் அவருக்கும் சேர்த்து நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் அண்ணை இருந்தார். பயணம் அவருக்காகத்தான். என் மகள் தன் பெரியப்பாவுக்குக் கொடுத்த பரிசு அது. அண்ணை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் நின்று, இப்போது ஓய்வுச் சம்பளம் எடுக்கிறார். அண்ணி காலமாகி நான்கு வருடமாகிறது. ஒரே மகள் கல்யாணம் முடித்து ஒஸ்லோவில் இருக்கிறாள். அண்ணை அவளிடம் போகப் போகிறார். பார்த்துவிட்டு வருவதற்கல்ல, ஒரேயடியாக இருப்பதற்கு. வாடகை வீட்டை விடுகிற கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்து மேசையில் வைத்திருந்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் அதைத் தபாலில் போடவேண்டும். நாங்கள் வானில் ஏறியது ஓகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை.

அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது சின்னச் சொல். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். போய் அவளோடை இருக்கலாம் எண்டு யோசிக்கிறன்" என்றார். நான், "உங்கட விருப்பம் அண்ணை" என்றேன். மூத்தவர் ஒன்றைச் சொன்னால் இளையவன் சொல்லவேண்டிய மரியாதையான பதில் அதுதான். குசினிக்குள் நின்ற என் மனைவி அகப்பையைப் போட்ட சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்கு விசரே?" என்று அன்றைக்கே தொடங்கியவள்தான். "நிக்கச் சொல்லிக் கேளுங்கோவன்."

"அண்ணைக்கு நான் சொல்லுறதோ?"

"சொல்லவேண்டாம். கேளுங்கோ."

அவளுக்கு விளங்காது. என்னைப் பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு எடுத்தவர் அண்ணை. அந்த நாட்களில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அவர்கள் நாள் குறித்துத் தரும் ஒவ்வொரு தெர்மினுக்கும் அவர்தான் கூட்டிப்போவார். கதவைத் தட்டுவதற்கு முன்னரே, "நீ வாயைத் திறக்காதை, நான் கதைக்கிறன்" என்பார். சமையலறையில் பொறுக்கிய ஜேர்மன் மொழியை வைத்துக்கொண்டு, ஒரு பயமும் இல்லாமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் களைத்துப்போகும்வரை கதைப்பார். எனக்கு விசா கிடைத்தது, பஸ் ஓட்டும் படிப்புக்கு இடம் கிடைத்தது, எல்லாம் அவருடைய வாயால்தான். அப்படி மூடிய வாய் இன்னும் அவருக்கு முன்னால் சரியாகத் திறப்பதில்லை.

அன்று காலை வாசலில் வைத்து மனைவி தான் பொரித்த ரோல்ஸ் பெட்டியை என் கையில் தந்தாள். "முழு நாளும் அவரோடைதான் இருக்கப்போறியள். கேக்காமல் வந்தால் இஞ்சை வராதேங்கோ" என்றாள். நான் தலையாட்டினேன்.

கொலோனைத் தாண்டி ஐஃபெல் மலைப்பக்கம் ஏறும்போதுதான் சாரதி எங்களுக்கு அன்றைய திட்டத்தைச் சொன்னார். முதலில் நீர்வீழ்ச்சி. பிறகு ஒரு ஏரியில் நீச்சல். கடைசியாக மோசல் ஆற்றங்கரையில் வைன் ருசி பார்த்தல்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அண்ணை மற்ற ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மகள் என்னிடம் சொன்னது, "நீர்வீழ்ச்சி, நீச்சல், பிறகு மோசல்." மோசல் என்றதும் ஏதோ படகில் கூட்டிப்போவார்கள் என்று நினைத்துவிட்டேன். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது, நானும் அண்ணையும் ஒருவருக்கு முன்னால் ஒருவர் குடித்ததில்லை என்பது. நான் குடிப்பேன். அண்ணையும் குடிப்பார். நான் குடிப்பது அவருக்குத் தெரியும், அவர் குடிப்பது எனக்குத் தெரியும். கல்யாண மண்டபங்களில் அவருடைய ஆட்கள் பின்பக்கம் சோற்றுக் கிடாரங்களுக்கு அருகில் நிற்பார்கள். என்னுடைய ஆட்கள் கார்கள் நிற்கும் இடத்தில், டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்போம். அண்ணை காற்று வாங்க வெளியே வந்தால், "டேய், கொண்ணை வாறார்" என்று ஒருவன் சொல்லுவான். என் கையில் இருந்த கிளாஸ் யாருடைய கைக்கோ போய்விடும். முப்பத்தாறு வருடமாக இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை. இப்போது ஒரு ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்திக் குடிக்கக் கொடுக்கப்போகிறார்.

சரி, அதைப் பிறகு பார்ப்போம் என்று நீர்வீழ்ச்சிக்கு இறங்கினோம். பீச் மரக் காட்டுக்குள் இருபது நிமிட நடை. அண்ணை முன்னால் நடந்தார். அறுபத்தாறு வயதில் அவருடைய நடைக்கு ஈடுகொடுக்க எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் சாரம், தோளில் துவாய், கையில் சவர்க்காரப் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய பையிலும் அதே மூன்று சாமானும் இருந்தன. நீர்வீழ்ச்சி என்றால் போய் நின்று தலையைக் கொடுக்கிற இடம். அதைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று மனிதர் இவ்வளவு தூரம் போவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சாரதியின் முகத்தில் இரத்தமே இல்லை. ஓடிவந்து அண்ணைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். குளிக்கக்கூடாதாம். தொடவும் கூடாதாம். பாசியைப் பாதுகாக்கிறார்களாம். மலை நடைக்கான கோல்களோடு வந்த ஒரு குடும்பம் வெற்று மேலுடன் நின்ற அண்ணைக்கு ஒழுங்காகக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, எதையும் கவனிக்காத மாதிரிக் கடந்துபோனது. அண்ணையும் சவர்க்காரத்தோடு வணக்கம் சொன்னார்.

நீர்வீழ்ச்சியை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பெரிய பாசித் திண்டு. அதன் விளிம்பிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர். "அண்ணை, எங்கட வீட்டு ஷவர் இதைவிடப் பலமா வரும்" என்றேன் மெல்ல. அவர் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். சாரதி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு விளக்கத் தொடங்கினார். இந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதாம். அது பாசியில் படிந்து பாசியைக் கல்லாக்கிவிடுமாம். அந்தக் கல்லின்மேல் புதிய பாசி முளைக்குமாம், அதுவும் கல்லாகுமாம். ஆகவே இந்த நீர்வீழ்ச்சி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வளர்கிறது. மற்ற நீர்வீழ்ச்சிகள் பாறையைத் தின்று பின்வாங்க, இது பாறையைத் தானே கட்டிக்கொள்கிறது.

அண்ணை தன்னுடைய சமையலறை ஜேர்மனில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பனிக்காலத்தில் என்ன நடக்கும், பாசி முழுவதும் சாகுமா, மேல்பக்கம் மட்டும் பச்சையாக இருக்குமா. வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாரத்தோடு நின்று இவ்வளவு அக்கறையாகக் கேட்ட மாணவர் அவருக்குக் கிடைத்திருக்கமாட்டார். கேட்டுக்கொண்டு நிற்க நிற்க எனக்கும் கண் மாறியது. பாசிக்குள் வெயில் விழுந்து ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஷவரோடு ஒப்பிட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல சாமான்ரா இது," என்றார் அண்ணை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை.

அங்கிருந்து அரை மணிநேரத்தில் ஏரி. முன்பொரு காலம் எரிமலை வெடித்த குழியில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரி. வட்டமாக, கரும்பச்சையாக, சுற்றிவர மரங்களோடு கிடந்தது. ஒரு கரையில் மரப்பலகை மேடை, ஏணி, மிதவைகள் கட்டிய எல்லை, உயரமான கதிரையில் காவலுக்கு ஒரு பெண். இங்கே குளிக்கலாம், ஆனால் சாரம் கட்டக்கூடாது. அண்ணை நீச்சல் காற்சட்டையும் கொண்டுவந்திருந்தார். அது எப்போது வாங்கியது என்று எனக்குத் தெரியாது.

நான் மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் எனக்கு நீந்திப் பழகும் வயது வந்தபோது ஊரில் சண்டை தொடங்கி, எங்கள் கடலுக்குள் இறங்க யாரையும் விடமாட்டார்கள். அண்ணை அதற்கு முன்னரே பழகிவிட்டார். அது தெரியும். ஆனால் ஜேர்மனியில் இத்தனை வருடத்தில் அவர் நீந்தி நான் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு, நத்தார், வருடப்பிறப்பு எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியில் யாராவது சமைக்கவேண்டுமே.

அவர் ஏணியால் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளி நெஞ்சில் பூசிக்கொண்டு, பிறகு மெல்ல முன்னால் சாய்ந்தார். அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை, தெறிப்பும் இல்லை. பக்கத்தில் இளைஞர்கள் சிலர் தண்ணீரை அடித்து நுரையாக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அவர்களைக் கடந்து போனபோதுதான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லை மிதவைவரை போய்ப் புரண்டு, மல்லாக்கக் கிடந்து, வானத்தைப் பார்த்தபடி திரும்பி வந்தார். மறுபடி போனார். காவல் பெண் வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கமுடியவில்லை. "என் அண்ணன்" என்று பக்கத்தில் படுத்துக்கிடந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்குச் சொன்னேன். அவரும், "அழகாக நீந்துகிறார்" என்றார். இப்படி நீந்தக்கூடிய மனிதர் முப்பது வருடம் உருளைக்கிழங்குப் பானைக்கு முன்னால் நின்றிருக்கிறார், அதில் பாதி எனக்காக.

அப்போது அவருடைய தலை தண்ணீருக்குக் கீழே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஏரி முழுவதும் சும்மா கிடந்தது. இன்னும் வரவில்லை.

"அண்ணை!"

நான் எழும்பி நின்று கத்தியது எனக்கே பிறகுதான் விளங்கியது. பஸ்ஸின் மூடிய கதவுக்கு வெளியே ஓடிவருகிறவர்களுக்காக வளர்த்த குரல் அது. மேடையில் கிடந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். காவல் பெண் கதிரையிலிருந்து குதித்துவிட்டாள். அப்போது நான் நினைத்துப் பார்க்காத ஓர் இடத்தில், மிதவைக்குப் பக்கத்தில், அண்ணையின் வழுக்கைத் தலை மேலே வந்தது.

"என்னடா கத்துறாய்?"

"ஒண்டுமில்லை."

அவர் கரைக்கு வந்து ஏணியில் ஏறினார். நான் இன்னும் மேடை விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தார். தலையைத் துடைக்காமலே எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஏன்ரா, நான் எங்கை போறது?" என்றார்.

அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. ஒஸ்லோவுக்கு, என்று சொல்லியிருக்கலாம். போகாதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான், "இந்தாங்கோ துவாய்" என்றேன்.

ரோல்ஸ் சாப்பிட்டோம். சாரதி நான்கு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, மிளகாய் கடித்த வாயோடு என் மனைவியை வாழ்த்தினார். எனக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. என்மீதே கோபம் கோபமாக வந்தது. பஸ்ஸில் ஐம்பது பேருக்கு முன்னால் குடிகாரனை இறக்கி விடுகிறவன், கூடப்பிறந்தவரிடம் ஒரு வசனம் பேசமுடியாமல் துவாயை நீட்டுகிறான்.

மோசல் பள்ளத்தாக்குக்குள் வான் இறங்கியபோது வாத்தியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆறு வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. அந்தச் செங்குத்தில் வரிசை பிசகாமல் திராட்சைக் கொடிகள். இதில் நின்று மனிதர் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அண்ணை கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர் நாங்கள் போய் இறங்கிய வைன் வீட்டின் சொந்தக்காரி. எழுபது வயதிருக்கும், கட்டையான உருவம், முழங்கைவரை மடித்த சட்டை. இந்தச் சரிவில் மெஷின் ஏறாது, ஒவ்வொரு கொடிக்கும் கையால்தான் வேலை, மழை கழுவிக்கொண்டு வந்த கற்களைக்கூடத் தானே கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போடுவதாகச் சொன்னார். அண்ணை அவருடைய கைகளைப் பார்த்தார். வேலை செய்த கைகளுக்கு அண்ணை தனி மரியாதை கொடுப்பார்.

நிலவறைக்குள் குளிராக இருந்தது. ஒரு நீள மேசை. எங்களுக்கு எதிரெதிரே இரண்டு கதிரைகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஆறு கிளாஸ், பாண் ரொட்டித் துண்டுகள், நடுவில் வாயில் எடுத்ததைத் துப்புவதற்கு ஒரு மண் ஜாடி. அந்த அம்மா முதலாவது போத்தலைத் திறந்து இரண்டு பேருக்கும் ஊற்றினார்.

"நான் குடிப்பதில்லை," என்றார் அண்ணை ஜேர்மனில்.

"நானும் குடிப்பதில்லை," என்றேன்.

அந்த அம்மா சாரதியைப் பார்த்தார். அவர் வண்டி ஓட்டவேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய்விட்டார். "அப்படியென்றால் வைன் வீட்டுக்கு ஏன் வந்தீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. கல் சுமந்து விளைவித்ததை ஊற்றி வைத்திருக்கிறார். இரண்டு கிழட்டு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணை எழும்பினார். "நான் ஒருக்கா வெளியிலை காத்து வாங்கியிட்டு வாறன்," என்றார். எனக்கு விளங்கிவிட்டது. நான் குடிப்பதற்கு நேரம் தருகிறார். பிறகு அவர் உள்ளே வரும்போது நான் காற்று வாங்கப் போகவேண்டும்.

கதவு சாத்தியதும் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "குடிக்கவேண்டாம் என்றது டாக்டரா, கடவுளா?" இரண்டும் இல்லை என்று, நான் உண்மையைச் சொன்னேன். எங்களில் இளையவன் மூத்தவருக்கு முன்னால் குடிப்பதில்லை, மூத்தவரும் இளையவனுக்குக் காட்டுவதில்லை.

"அவர் குடிப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்கள் குடிப்பது அவருக்கு?"

"தெரியும்."

"எவ்வளவு காலம்?"

"முப்பத்தாறு வருடம்."

அவர் சிரிக்கவில்லை. எழும்பி வந்து, என்னை எழுப்பி, என் கதிரையை மேசையிலிருந்து இழுத்தார். மற்றக் கதிரையையும் இழுத்துவந்து இரண்டின் முதுகையும் ஒன்றோடொன்று முட்டவைத்தார். எனக்கு முன்னால் ஒரு வெற்றுப் பீப்பாவை உருட்டி நிறுத்தினார், அந்தப் பக்கம் இன்னொன்று. கிளாஸ்களை இரண்டிலும் பிரித்து வைத்தார். "இப்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை," என்றார். ஏதோ ஒரு வீட்டுத் தளபாடத்தை ஒழுங்குபடுத்தியவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இத்தனை கல்யாண மண்டபங்களில் இத்தனை பெரிய மனிதர்களுக்குத் தோன்றாத வழி.

அண்ணை உள்ளே வந்தார். கதிரைகளைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்காமல் வந்து இருந்தார். கதிரையின் முதுகுக்கூடாக அவருடைய பாரம் எனக்குத் தெரிந்தது.

ஒரு மிடறு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"புளிக்குது," என்றார்.

"ஓம் அண்ணை."

"ஆனா நல்லாயிருக்கு."

"ஓம் அண்ணை."

இரண்டாவது இன்னொரு சரிவில் விளைந்தது. மூன்றாவதில் ஏதோ பழ வாசம் என்று அந்த அம்மா சொன்னார். "பச்சை மாங்காய்," என்றார் அண்ணை. நானும் அதைத்தான் நினைத்தேன். மண் ஜாடியை இரண்டு பேரும் தொடவில்லை. ஒரு வீட்டில் தந்ததை அந்த வீட்டாருக்கு முன்னால் துப்புவது எப்படி? ஆகவே எல்லாம் உள்ளேதான் போனது. நான்காவதை ஊற்றிவிட்டு அந்த அம்மா பாண் வெட்ட மேலே போனார்.

எனக்கு முன்னால் ஒரு சுவர் மட்டும் இருந்தது. அந்தச் சுவருக்குத்தான் முதலில் சொன்னேன்.

"அண்ணை, அந்தக் கடிதத்தைப் போட்டிட்டீங்களோ?"

"இல்லை. திங்கக்கிழமை போடவேணும்."

"போடாதேங்கோ."

என் காது இரண்டும் கொதித்தன.

"ஏன்?"

"நீங்கள் போகவேண்டாம் அண்ணை. நீங்கள் போனால் எனக்கு ஏலாது."

நான்காவது கிளாஸ் பீப்பாவில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கதைத்தார். கோபமான குரல் இல்லை. களைத்த குரல்.

"ஏப்ரலிலை நான் சொன்ன அண்டைக்கு நீ என்ன சொன்னனீ?"

"உங்கட விருப்பம் எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானே சொன்னனீ."

"வேறை என்ன அண்ணை சொல்லுறது? உங்களுக்கு மேலாலை நான் கதைக்கிறதோ?"

"நான் முடிவெடுத்துப் போட்டே வந்தனான்? யோசிக்கிறன் எண்டுதானே சொன்னனான். நீ என்ன சொல்லுறாய் எண்டு கேக்கத்தானே வந்தனான். நீ தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டே உங்கட விருப்பம் எண்டாய். சரி, இவனுக்கு நான் பாரமாப் போனன் போலை எண்டு நினைச்சன்."

நான் மரியாதை என்று கொடுத்ததை அவர் நான்கு மாதமாகக் கைவிட்டதாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் வந்து சாப்பிட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவருடைய கதிரை சீமெந்தில் உரசியது.

"இஞ்சாலை திரும்பு. முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நான் எழும்பித் திரும்பினேன். கையில் கிளாஸ் இருந்தது. பழக்கதோஷத்தில் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவருடைய கையிலும் கிளாஸ் இருந்தது. அவர் அதை ஒளிக்கவில்லை.

"அதை விடு. சொல்லு."

"போகாதேங்கோ அண்ணை," என்றேன். அதற்குமேல் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஐம்பத்தைந்து வயதில், ஒரு கையில் றீஸ்லிங் வைனோடு, நன்றாக அழுதேன். அண்ணைக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் மிச்ச வைனை ஒரே மிடறாகக் குடித்தார். அண்ணை குடிப்பதை நான் முதன்முதல் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

"சரி," என்றார். "போகேல்லை. ஆனா பிள்ளை எனக்கெண்டு ஒரு அறைக்குப் பெயின்ற் எல்லாம் அடிச்சு வைச்சிருக்குது. அவளுக்குச் சொல்ல என்னாலை ஏலாது. நீதான் சொல்லவேணும்."

பாண் தட்டோடு வந்த அம்மா படியில் நின்று எங்களைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு, ஐந்தாவது போத்தலை இரண்டு பேருக்கும் ஒரே பீப்பாவில் வைத்து ஊற்றினார்.

அதைக் குடிக்க முன்னர் நான் முற்றத்துக்குப் போய் ஒஸ்லோவில் இருக்கும் பெறாமகளுக்கு போன் எடுத்தேன். அண்ணையும் பின்னாலேயே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கீழே ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. சுற்றிவளைக்காமல் சொன்னேன்: அப்பா வரவில்லை, நான் நிற்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன், கோபமென்றால் என்மேல் கோபி. ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சித்தப்பா," என்றாள். "அம்மா போனதிலை இருந்து நான் அப்பாவை வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தனான். ஒவ்வொருக்காலும், தம்பியை விட்டிட்டு வரமாட்டன் எண்டுதான் சொல்லுவார். ஏப்ரலிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தானே போன் எடுத்து, வாறன் எண்டார். ஏனப்பா, தம்பியை விட்டிட்டோ எண்டு நான் பகிடிக்குத்தான் கேட்டனான்." அவளுடைய குரல் உடைந்தது. "'நான் விடேல்லைப் பிள்ளை, அவன்தான் விட்டிட்டான்' எண்டு சொன்னவர்."

அண்ணை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் விடமாட்டன் பிள்ளை," என்றேன். அவருக்கும் கேட்கவேண்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.